காலையில் கால் மணி நேரம்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, “தினசரி ஸ்டாண்ட்-அப் கால் மணி நேரத்தைத் தாண்டினால் ஏதோ கோளாறு” என்று எழுதியிருந்தேன். சாஃப்ட்வேர் டீம்கள் தினமும் கூடி நின்று, அன்றைய வேலையைப் பேசிக்கொள்கிற சின்ன மீட்டிங்தான் ஸ்டாண்ட்-அப். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், நிறையப் பேருக்கு அது தொட்டாலே வலிக்கிற இடம் என்று தெரிகிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதே விஷயம்தான். நான் சாஃப்ட்வேரைச் சோதிக்கிற டெஸ்டராகச் சேர்ந்து, லீட் ஆகி, கடைசி ஒன்பது வருடம் ஸ்க்ரம் மாஸ்டராக இருந்தவள். (சின்ன டீமாக, வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்கிற முறை ஸ்க்ரம்; அது சரியாக நடக்கப் பார்த்துக்கொள்பவர் ஸ்க்ரம் மாஸ்டர்.) எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

கேள்வி: என் மகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். தினமும் காலை 10 மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, நேற்று இதைச் செய்தேன், இன்று இதைச் செய்வேன் என்று ஒப்பிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போல இருக்கிறது. தினமும் இது எதற்கு?
*— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், காரைக்குடி*

ஐயா, உங்கள் பள்ளியில் எத்தனையோ ஆண்டு விழா நடத்தியிருப்பீர்கள். நாடகம் தமிழாசிரியர் பொறுப்பு. பந்தலும் மேடையும் பி.டி. மாஸ்டர் பொறுப்பு. மைக் செட்டு இன்னொருவர். மழை வரும் போலிருக்கிறது என்று முந்தின நாள் சாயங்காலம் மேடையைக் கட்டடத்துப் பக்கம் நகர்த்தி, நாலடி குறைத்துவிடுகிறார் பி.டி. மாஸ்டர். அவர் செய்தது சரிதான். ஆனால் தமிழாசிரியர் பன்னிரண்டு பிள்ளைகளை மேடையில் நிறுத்தி ஒத்திகை பார்க்கிறார். அவருக்கு இது தெரியாது. அன்று காலை மணி அடிப்பதற்கு முன் இரண்டு பேரும் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசியிருந்தால் போதும்.

உங்கள் மகளின் வேலையிலும் இதே கதைதான். மின் கட்டணம் கட்டும் ஆப் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் திரையைச் செய்கிறார், ஒருவர் வங்கியோடு இணைக்கிறார், ஒருவர் சரிபார்க்கிறார். ஒருவர் செய்கிற மாற்றம் மற்றவர் தலையில் விழும். அதை முன்கூட்டிச் சொல்லிக்கொள்ளவும், இன்று யார் எதை எடுப்பது என்று முடிவு செய்யவும்தான் அந்தக் கால் மணி நேரம்.

ஆஜர் போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்னைக் கவலைப்பட வைத்தது. மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அவள் பேசிய பிறகு யாராவது அவளிடம் திருப்பி ஏதாவது கேட்கிறார்களா? ஒருவருமே கேட்பதில்லை என்றால் உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இந்தப் பக்கத்தின் மற்ற பதில்களை அவளிடமும் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் டீமில் 14 பேர். ஸ்டாண்ட்-அப் தினமும் 50 நிமிடம் போகிறது. டைமர் வைத்தேன், மணி அடித்தேன், லேட்டாக வருபவர்களுக்கு அபராதம் போட்டேன். எதுவும் பலிக்கவில்லை. எப்படிக் குறைப்பது?
*— டெக் லீட், பெருங்குடி*

முதலில் கணக்கு. 14 பேர், 50 நிமிடம் என்றால் 700 நிமிடம். ஒரு நாளைக்குப் பதினொன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முழு ஆளின் ஒரு நாள் வேலையை விட அதிகமாகத் தினமும் அந்த மீட்டிங்கில் கரைகிறது. இதை உங்கள் மேனேஜரிடம் எழுதிக் கொடுங்கள். அபராதத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். பத்து ரூபாய் கொடுத்துவிட்டால் லேட்டாக வரலாம் என்று ஆகிவிடும். அதோடு, வருகிறவர் மனதில் கசப்பும் தங்கும்.

டைமர் ஏன் பலிக்கவில்லை? நீங்கள் நேரத்தைக் குறைக்கப் பார்க்கிறீர்கள்; நேரத்தைத் தின்பது எது என்று இன்னும் பார்க்கவில்லை. ஒரு வாரம் ஒரு காகிதத்தில் குறித்துப் பாருங்கள். நான் குறித்த டீம்களில் எல்லாம் மூன்று விஷயம்தான் மாறி மாறி வந்தது. ஒன்று, இரண்டு பேர் அங்கேயே ஒரு பிரச்சினையைத் தீர்க்க ஆரம்பிப்பார்கள். மீதிப் பேர் போனைப் பார்ப்பார்கள். இரண்டு, வேலைகளைப் பதிந்து வைக்கிற ஜிரா மென்பொருளில் ஏற்கெனவே இருக்கிற டிக்கெட்டை, அதாவது வேலைக் குறிப்பை, ஒவ்வொருவரும் வரி விடாமல் வாசிப்பார்கள். மூன்றாவது, லீட் ஒவ்வொருவரையும் மூன்று கேள்வி கேட்பார். கடைசியாகச் சொன்னதில்தான் பெரும்பாலும் பாதி நேரம் போகும். நீங்கள் லீட் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அப்புறம் 14 என்ற எண். ஸ்க்ரமை உருவாக்கியவர்களே எழுதிய ஸ்க்ரம் கையேட்டின் 2020 பதிப்பு, டீம் பொதுவாகப் பத்து பேருக்குள் இருக்கட்டும் என்கிறது. இரண்டிரண்டு பேருக்கு இடையிலான பேச்சுவழி என்று எண்ணினால் 14 பேருக்கு 91 வழி. ஏழு பேருக்கு 21 தான். உங்கள் 14 பேரும் உண்மையிலேயே ஒரே வேலையையா செய்கிறார்கள்? நான் பார்த்த பெரிய டீம்களில் எல்லாம் உள்ளுக்குள் இரண்டு டீம் இருக்கும். சாப்பிடப் போகும்போது யார் யாரோடு போகிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த இடத்தில் பிரியுங்கள். 9:45க்கு ஒன்று, 10 மணிக்கு ஒன்று. ஒரு டீமில் நடப்பது இன்னொரு டீமைப் பாதிக்கும் என்றால் ஒருவர் போய்ச் சொல்லிவிட்டு வரட்டும்.

பிரித்த பிறகு இன்னொன்று செய்யுங்கள். ஆள் வரிசையில் பேசுவதை விட்டுவிட்டு, போர்டு வரிசையில் பேசுங்கள். அதுவும் வலது பக்கத்திலிருந்து. (எந்த டிக்கெட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டுவதுதான் போர்டு; வேலை முடிய முடிய டிக்கெட் வலது பக்கம் நகரும்.) முடியப் போகிற டிக்கெட் முதலில்: இதை இன்று மூட என்ன வேண்டும்? ரிவ்யூ பாக்கியா? யார் பார்ப்பது? அப்புறம் டெஸ்டிங்கில் இருப்பது, அப்புறம் கோடிங்கில் இருப்பது. போர்டில் வேலையை நகர்த்தி நகர்த்திச் செய்கிற கான்பான் முறைக்காரர்கள் இப்படித்தான் செய்வார்கள். இதில் ஒரு நன்மை, போர்டில் நகராமல் கிடக்கிற டிக்கெட்டை யாரும் தாண்டிப் போக முடியாது. ஆள் வரிசையில் பேசும்போது ஒருவர் தனக்குப் பிடித்த வேலையைப் பற்றியே பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம்.

நீண்டுபோகிற விவாதத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: “முடிச்சிட்டு நீங்க ரெண்டு பேரும் இருங்க.” இதைச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு என்று முன்பே சொல்லி வையுங்கள். டீமில் இளையவர் சீனியரைப் பார்த்து இதைச் சொல்கிற நாள் வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், மிகவும் சந்தோஷப்படுவேன்.

கேள்வி: எங்கள் மேனேஜர் ஸ்டாண்ட்-அப்பில் ஒவ்வொருவரிடமும் எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்கிறார். எக்செலில் குறிக்கிறார். எல்லோரும் அவரைப் பார்த்துத்தான் பேசுகிறோம். இது சரியா?
*— டெவலப்பர், சரவணம்பட்டி, கோவை*

சரியில்லை. ஆனால் உங்கள் மேனேஜரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். நானே அப்படி இருந்தவள்.

லீட் ஆன முதல் வருடம் என் டீமில் ஏழு பேர். ஜன்னல் ஓரத்துப் போர்டுக்கு முன்னால் அரைவட்டமாக நிற்பார்கள். நான் போர்டுக்குப் பக்கத்தில், கையில் நீல அட்டை போட்ட நோட்டு. யார் பேசினாலும் என் பேனாவைப் பார்த்துத்தான் பேசுவார்கள். பேனா ஓடினால் இன்னும் இரண்டு வரி சேர்த்துச் சொல்வார்கள். பேனா நின்றால் நிறுத்திவிடுவார்கள். அதை நான் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டிய ஸ்டேட்டஸ் அந்த நோட்டில் தயாராகிவிடும். எனக்கு அது வசதி.

ஒரு நாள் நோட்டை மேல் மாடியில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். பேச்சு வேறு மாதிரி இருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, டேட்டாபேஸ் பார்க்கிற தம்பி தலையைத் திருப்பிப் பக்கத்தில் நின்ற டெஸ்டரைப் பார்த்து ஒரு வரி சொன்னான். அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் ஒரு நாளும் அவன் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் வேண்டுமென்றே நோட்டை எடுக்காமல் போனேன். அரைவட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மூன்று நாள் ஒரே மௌனம். யார் ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். எனக்குக் கை பரபரத்தது, பேசாமல் இருந்தேன். நாலாவது நாள் அந்தத் தம்பி, “இன்னைக்குச் சாயங்காலம் அந்த டேபிள்ல ஒரு ஃபீல்டு மாத்தறேன்” என்றான். டெஸ்டர் உடனே, “ஐயோ, இன்னைக்கு வேண்டாம், என் ரிக்ரெஷன் ஓடிட்டிருக்கு, நாளைக்கு மாத்து” என்றாள். “சரி.” பத்து நொடிப் பேச்சு. ரிக்ரெஷன் என்றால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது எதுவும் கெடவில்லையா என்று மறுபடி ஓட்டிப் பார்க்கிற சோதனை. அந்தப் பத்து நொடி நடக்காமல் போயிருந்தால் அவளுக்கு ஒரு நாள் வேலை வீண். என் நோட்டில் அது ஒரு வரியாகக்கூட ஏறியிருக்காது.

அந்தக் கால் மணி நேரம் வேலை செய்கிறவர்களுடையது. ஸ்க்ரம் கையேடும் இதையேதான் சொல்கிறது: டெய்லி ஸ்க்ரம் (ஸ்டாண்ட்-அப்புக்கு அதில் உள்ள பெயர்) டெவலப்பர்களுக்கானது, ஸ்பிரிண்ட் என்கிற ஒரு சுற்று வேலையின் இலக்கை நோக்கி எங்கே இருக்கிறோம் என்று பார்த்து, அடுத்த ஒரு நாளுக்குத் திட்டம் போடுவதற்கானது. 2017 பதிப்பில், வெளியாட்கள் வந்தால் அவர்களால் மீட்டிங் கெடாமல் பார்த்துக்கொள்வது ஸ்க்ரம் மாஸ்டரின் வேலை என்றே இருந்தது.

சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வியாழக்கிழமை 80 சதவீதம் என்று சொன்ன வேலை திங்கட்கிழமையும் 80 சதவீதமாகவே இருக்கும். அந்த எண்ணைச் சொல்கிறவருக்கே அதில் நம்பிக்கை இருக்காது. “இன்னும் என்ன பாக்கி?” என்று கேட்டால் பதில் வரும். உங்கள் மேனேஜருக்கும் மேலே ஒருவர் எக்செல் கேட்கிறார் என்பதை மறக்காதீர்கள். அவரிடம் தனியாகப் போய், “சார், உங்களுக்கு வேண்டிய விவரத்தைத் தினமும் மதியத்துக்குள் போர்டில் அப்டேட் செய்துவிடுகிறோம், ஸ்டாண்ட்-அப்பை எங்களுக்கு விடுங்கள்” என்று கேளுங்கள். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டால் அவர் விட்டுக்கொடுப்பார். எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஸ்டாண்ட்-அப்பில் என் முறை வரும்போது நெஞ்சு படபடக்கும். இங்கிலீஷ் தடுமாறும். எனக்குத் தெரியாதது இருந்தாலும் “கன்டின்யூயிங், நோ பிளாக்கர்ஸ்” என்று, அதாவது வேலை ஓடுகிறது, தடை எதுவும் இல்லை என்று, சொல்லிவிடுகிறேன். மூன்று வாரமாக ஒரே டிக்கெட்டில் இருக்கிறேன், மேடம். என்ன செய்வது?
*— பெயர் வேண்டாம், சிறுசேரி*

தங்கச்சி, உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். இதே இரண்டு வார்த்தையை ஒரு தம்பி என் டீமில் ஆறு நாள் தொடர்ந்து சொன்னான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பையன், டெஸ்டர். ஏழாவது நாள் நான் அவன் சீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது திரையில் டெஸ்ட் கேஸ் (எதை எப்படிச் சோதிப்பது என்ற குறிப்பு) திறந்திருந்தது, ஓட்டியதற்கான அடையாளமே இல்லை. டெஸ்ட் சர்வருக்கான பாஸ்வேர்டு இரண்டாம் நாளே காலாவதி ஆகியிருக்கிறது. அட்மினுக்கு ஒரு மெயில் போட்டிருக்கிறான். பதில் வரவில்லை. அதிலிருந்து டெஸ்ட் கேஸைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறான். “ஏன்ப்பா சொல்லலை?” என்றேன். “எல்லாரும் பிஸியா இருந்தீங்க மேடம்” என்றான்.

அந்த அட்மின் அதே தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். பத்து நிமிட வேலை. ரிலீஸ் ஒரு வாரம் தள்ளிப்போனது. அன்று இரவு ஆபீஸ் வண்டியில் வீட்டுக்குப் போகும்போது அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அரைவட்டத்தில் அதுவரை ஒருவரும், நான் உட்பட, “எனக்கு இது தெரியலை” என்று சொன்னதே இல்லை. ஒருவரும் சொல்லாததைச் சேர்ந்து நாலு மாதமான பையன் எப்படிச் சொல்வான்? மறுநாள் காலை நான் முதலில் பேசினேன்: “இந்தக் கிளையன்ட் மெயில் எனக்குப் புரியலை, யாராவது பத்து நிமிஷம் என்கூட உட்காருங்க.” அப்புறம் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆகவே இதைப் படிக்கிற லீட்களே, உங்கள் டீமில் யாருக்கும் பிளாக்கரே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். எழுந்து ஒவ்வொரு சீட்டாகப் போய்ப் பாருங்கள்.

இப்போது உங்களுக்கு. நாளைக் காலைக்காக இன்று இரவே மூன்று வரி எழுதி வையுங்கள். எதைச் செய்யப் பார்க்கிறேன், எங்கே நின்றது, யார் வேண்டும். உதாரணமாக: “லாகின் ஸ்க்ரீன்ல ஓடிபி சேர்க்கிறேன். ஓடிபி வருது, ஆனா வெரிஃபை பண்ணும்போது எரர் வருது. பேமென்ட் மாட்யூல்ல இதைச் செஞ்சவங்க இன்னைக்கு அரை மணி நேரம் கொடுக்க முடியுமா?” ‘உதவி வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் வேறு யாராவது செய்வார்கள் என்று இருந்துவிடுவார்கள். ஆள், நேரம் இரண்டையும் சொல்லிக் கேட்டால் கிடைக்கும்.

இங்கிலீஷைப் பற்றி: டீமில் எல்லோருக்கும் தமிழ் தெரியும் என்றால் தமிழிலேயே பேசுங்கள், தடுத்தால் எனக்கு எழுதுங்கள். ஹைதராபாத்திலிருந்தோ புனேயிலிருந்தோ ஆள் இருந்தால் சின்னச் சின்ன வாக்கியமாக இங்கிலீஷில் எழுதி வைத்து, பார்த்தே படியுங்கள். “ஐ ஆம் ஸ்டக் ஹியர். ஐ நீட் ஒன் பர்சன் ஃபார் தேர்ட்டி மினிட்ஸ்.” இதற்கு மேல் இலக்கணம் தேவையில்லை. பார்த்துப் படிப்பதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

இன்னொன்று, மாட்டிக்கொண்டால் மறுநாள் காலை பத்து மணி வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஒரு மணி நேரம் முயன்று பாருங்கள், அப்புறம் பக்கத்துச் சீட்டைத் தட்டுங்கள். மூன்று வாரம் ஆகிவிட்டதே, இப்போது சொன்னால் திட்டுவார்களோ என்று பயமாக இருக்கும். மூன்று வாரத்தில் சொன்னால் வருகிற சங்கடத்தைவிட நாலு வாரத்தில் வருவது பெரிது. நாளைக்கே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஸ்டாண்ட்-அப் என்றால் கட்டாயம் நிற்க வேண்டுமா?
*— வாசகர், அம்பத்தூர்*

கட்டாயம் இல்லை, ஆனால் காரணம் உண்டு. அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஆலன் ப்ளூடோர்னும் உடன் இருவரும் ஐந்தைந்து பேர் கொண்ட குழுக்களை வைத்துச் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். உட்கார்ந்து பேசிய குழுக்கள் 34 சதவீதம் அதிக நேரம் எடுத்துக்கொண்டன. எடுத்த முடிவு அதனால் ஒன்றும் மேலாக இல்லை. கால் வலிக்கும்போது பேச்சு சுருங்கும், அவ்வளவுதான். டீமில் கர்ப்பிணியோ முழங்கால் வலிக்காரரோ இருந்தால், அவர் கேட்பதற்கு முன்னாலேயே நாற்காலி போடுங்கள். வீட்டிலிருந்து ஆன்லைனில் சேருபவர்களை நில் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

கேள்வி: நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், என்ன தடை என்ற மூன்று கேள்விகளை ஆரம்பித்தது யார்? அதை மாற்றக் கூடாது என்கிறார் எங்கள் ஸ்க்ரம் மாஸ்டர்.
*— வாசகி, டொராண்டோ*

மாற்றலாம். அந்த மூன்று கேள்விகளும் 2020 நவம்பரில் வந்த ஸ்க்ரம் கையேட்டில் இல்லவே இல்லை. அதற்கு முந்தைய 2017 பதிப்பிலேயே ‘இப்படியும் கேட்கலாம்’ என்ற உதாரணமாகத்தான் இருந்தன. இப்போது, எந்த முறையில் பேசுவது என்பதை டெவலப்பர்களே முடிவு செய்யலாம் என்று தெளிவாக இருக்கிறது. கையேடு பதினைந்து பக்கம்கூட வராது. உங்கள் ஸ்க்ரம் மாஸ்டரோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

ஆரம்பம் என்று கேட்டால், அது ஒருவர் தலையில் ஒரே நாளில் உதித்ததில்லை. 1986இல் தக்கேயுச்சி, நொனாகா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள், புதுப்பொருள் உருவாக்கும் குழுக்களை ரக்பி ஆட்டத்தோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். ஸ்க்ரம் என்ற பெயரே ரக்பியிலிருந்து வந்ததுதான். 1993இல் ஈசல் என்ற அமெரிக்கக் கம்பெனியில் ஜெஃப் சதர்லாந்து முதல் ஸ்க்ரம் டீமை நடத்தினார். போர்லேண்ட் கம்பெனியில் எக்செல் போன்ற குவாட்ரோ ப்ரோ மென்பொருளைச் செய்த டீம், சின்ன டீமாக இருந்தும் பெரிய வேலையை முடித்ததை ஜேம்ஸ் கோப்ளியன் ஆராய்ந்து எழுதியிருந்தார். அந்த டீம் தினமும் கூடிப் பேசியது. அதிலிருந்துதான் தினசரி மீட்டிங்கை எடுத்துக்கொண்டதாக சதர்லாந்து சொல்லியிருக்கிறார். 1995இல் அவரும் கென் ஷ்வேபரும் ஸ்க்ரமை மாநாட்டில் எல்லோர் முன்னும் வைத்தார்கள். ‘ஸ்டாண்ட்-அப்’ என்ற சொல் ஸ்க்ரமுடையதே இல்லை. கென்ட் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு சாஃப்ட்வேர் முறையின் பக்கத்திலிருந்து பரவியது. 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி, மாற்றத்துக்கு இடம் கொடுத்து சாஃப்ட்வேர் செய்வது பற்றிய அஜைல் அறிக்கையை எழுதியபோது இந்த இரண்டு பக்கத்துக்காரர்களும் அங்கே இருந்தார்கள்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், அந்தப் போர்லேண்ட் டீமுக்குத் தினமும் கூடிப் பேசத் தேவை இருந்தது, பேசினார்கள். நம்மில் பலருக்கு மீட்டிங் முதலில் வந்துவிட்டது, தேவையை அப்புறம் தேடுகிறோம்.

கேள்வி: கிளையன்ட் நியூ ஜெர்சியில். அவர்கள் காலை 10 மணிக்கு ஸ்டாண்ட்-அப். எங்களுக்குக் கோடையில் இரவு 7:30, நவம்பர் வந்தால் 8:30. எனக்கு இரண்டு வயதுக் குழந்தை. அது தூங்குகிற நேரத்தில் தினமும் மியூட்டைப் போட்டுப் போட்டு எடுத்துப் பேசுகிறேன். வேலையை விடுவதா என்று யோசிக்கிறேன்.
*— சீனியர் டெவலப்பர், மேடவாக்கம்*

வேலையை விடும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் நேரத்தை மாற்றக் கேட்போம். நீங்கள் தனியாகக் கேட்காதீர்கள். சென்னை டீமில் இன்னும் எத்தனை பேர் அந்த நேரத்தில் சாப்பிடாமல், பிள்ளையைத் தூங்க வைக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆண்களும் இருப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். எல்லோருமாகச் சேர்ந்து கேளுங்கள்.

என்ன கேட்பது? அவர்கள் காலை 8 மணிக்கு வந்தால் உங்களுக்குக் கோடையில் மாலை 5:30, குளிர்காலத்தில் 6:30. அதற்கு மேல் போகாது. அவர்கள் மறுத்தால் இன்னொரு வழி: சென்னை டீம் காலை 10:30க்குத் தனியாகத் தன் ஸ்டாண்ட்-அப்பை நடத்தட்டும். வேலை இங்கேதானே நடக்கிறது, அன்றைய திட்டமும் இங்கேதான் வேண்டும். சாயங்காலம் ஒருவர் மட்டும் நியூ ஜெர்சியோடு பத்து நிமிடம் பேசட்டும், வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து. எட்டுப் பேர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு வாரம்தான் உங்கள் முறை வரும். நாங்கள் இதைச் செய்தபோது கிளையன்ட் பக்கம் முதலில் தயங்கினார்கள். அந்த ஒருவர் எழுதி அனுப்பிய அரைப் பக்கக் குறிப்பு, எட்டுப் பேர் அரைத் தூக்கத்தில் பேசியதை விட உபயோகமாக இருந்ததால் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது ஒவ்வொரு தடவையும் நாமே நகர்ந்துகொடுக்கிறோம். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் முன்னால் வாருங்கள் என்று அவர்களையும் கேட்கலாம். கேட்டால் சிலர் வருகிறார்கள், என் அனுபவத்தில்.

கேள்வி: ஸ்டாண்ட்-அப்பே வேண்டாம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சாட்டில் காலையில் எல்லோரும் இரண்டு வரி டைப் செய்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சரிதானே?
*— வாசகர், சிங்கப்பூர்*

ஆளுக்கு ஒரு நேர மண்டலம் என்றால் சரி. ஒரே ஊரில், ஒரே நேரத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் எனக்குத் தயக்கம்தான். ஸ்டேட்டஸ் சொல்வதற்கு சாட் போதும். ஆனால் “இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு மாத்து” என்று அந்த டெஸ்டர் சொன்னாளே, அது சாட்டில் வருமா? மற்றவர் எழுதியதை யார் படிக்கிறார்கள் என்று ஒரு நாள் சோதித்துப் பாருங்கள்: உங்கள் இரண்டு வரியின் நடுவில் “இதைப் படித்தவர் ஒரு கட்டை விரல் போடவும்” என்று எழுதுங்கள். விரல்கள் வந்தால் சாட்டிலேயே தொடருங்கள். வராவிட்டால் வாரம் மூன்று நாளாவது குரல் கேட்கட்டும்.

கேள்வி: நாங்கள் மூன்றே பேர். மதுரையில் ஒரு சின்ன அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, கல்யாண மண்டப புக்கிங்குக்கு ஆப் செய்கிறோம். பதினொரு மணிக்கு டீ குடிக்கப் போகும்போதே எல்லாம் பேசிவிடுகிறோம். ஸ்க்ரம் செய்கிறோம் என்று சொல்ல வேண்டுமானால் தனியாக மீட்டிங் வைக்க வேண்டுமா?
*— மூவரில் ஒருவர், மதுரை*

பெயருக்காக எதையும் செய்யாதீர்கள். டீக்கடையில் பேசும்போது, இன்று யார் எதை முடிப்பது என்று தெரிந்துகொண்டுதான் திரும்பி வருகிறீர்களா? அப்படியென்றால் அதுவேதான் உங்கள் டெய்லி ஸ்க்ரம். கிரிக்கெட்டைப் பேசிவிட்டு மட்டும் திரும்புகிற நாட்கள் இருக்குமே, அவற்றைத்தான் பார்க்க வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை மூவரும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒருவர் செய்ததையே இன்னொருவர் மறுபடி செய்தோமா? ஒருவர் தெரியாமல் இன்னொருவர் எழுதிய புரோகிராமை உடைத்தோமா? இரண்டுக்கும் இல்லை என்றால் டீயோடு தொடருங்கள். முகூர்த்த மாதம் வருவதற்குள் ஆப் வெளிவர வேண்டுமே, அந்த வேகம் முக்கியம். நாலாவது ஆள் சேருகிற வாரம் மறுபடியும் எழுதுங்கள்; அவர் டீ குடிக்காதவராக இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.